‘பார்த்துத்தானே வாங்கினீங்க?’ – பேனலுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு விற்றவர் பொறுப்பாவாரா?

கேள்வி: போன மே மாதம் மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீடு வாங்கினோம். கட்டி 14 வருடம் ஆன வீடு. பத்திரத்தில் 61 லட்சம், அது போக 17 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தோம். வங்கிக் கடன் 45 லட்சம். ஹாலில் ஒரு சுவர் முழுக்க பிவிசி பேனல் அடித்திருந்தார்கள், அழகுக்காகப் போட்டது என்று விற்றவரே சொன்னார். நவம்பர் மழையில் பேனலின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. கழற்றிப் பார்த்தால் சுவர் பாதி உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு கையோடு வருகிறது, மூலைத் தூணில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. தூண்களைச் சரிசெய்ய 9 லட்சம் ஆகும் என்கிறார் ஒரு இன்ஜினீயர். தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்று கேட்டைத் தாண்டி வந்தது. ‘முன்னாடி வாடகைக்கு இருந்தவங்க இந்தச் சுவராலதான் காலி பண்ணிட்டுப் போனாங்க’ என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. விற்றவருக்கு போன் செய்தால், ‘பார்த்துத்தானே வாங்கினீங்க, பத்திரம் முடிஞ்சாச்சு’ என்று வைத்துவிட்டார். புரோக்கர் போனையே எடுப்பதில்லை. வீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்கிறார் அலுவலக நண்பர், போலீஸில் புகார் கொடு என்கிறார் அண்ணன். இஎம்ஐயை நிறுத்திவிட்டால் வங்கியே விற்றவரைப் பிடிக்குமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சகோதரி, வழக்கு, நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரிலும் தூணிலும் இன்னும் கொத்தனார் கை வைக்கவில்லை என்றால், கொஞ்சம் பொறுங்கள். கழற்றிய பேனல்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அவை அடிக்கப்பட்டிருந்த சட்டம், ஆணி, பின்பக்கம் படிந்திருக்கும் கறை உட்பட எல்லாவற்றையும் ஒரு மூலையில் எடுத்து வையுங்கள். உங்கள் கோபமும் பயமும் எனக்குப் புரிகிறது, குழந்தைகள் ஓடியாடும் ஹாலில் கம்பி தெரியும் தூணோடு ஒரு நாள்கூட இருக்க மனம் வராது. ஆனால் பெரும்பாலான ஆட்கள் இந்த இடத்தில்தான் வழக்கை இழக்கிறார்கள், முதல் வாரத்திலேயே பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து வக்கீலிடம் வருகிறார்கள், காட்டுவதற்கு மொபைலில் நாலு மங்கலான படம் மட்டும் இருக்கும். தூணைப் பார்க்க பயமாக இருந்தால் இன்ஜினீயரிடம் கேட்டு இரும்பு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுங்கள், அந்த அறையைப் புழங்காமல் விடுங்கள். முழு ரிப்பேர் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும், அது எப்போது என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, ‘பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்ற வாதத்துக்கு வருவோம். இதைச் சொல்லாத விற்பனையாளரே இல்லை. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. பழைய வீட்டை வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் குறைகளைப் பார்த்துத்தான் விலை பேசினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். விரிசல் விட்ட மதில், உடைந்த ஓடு, ஒழுகும் குழாய், இதற்கெல்லாம் பத்திரம் முடிந்த பிறகு யாரையும் கேட்க முடியாது. ஆனால் இந்த வாதம் எல்லாக் குறைக்கும் செல்லாது. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விற்பவருக்கு வைக்கும் முதல் கடமையே இதுதான்: சொத்தில் ஒரு முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவின் கடைசியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பத்திரம் பதிவானதோடு இந்தப் பொறுப்பு முடிந்துபோவதில்லை.

உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், ‘சொத்தை நேரில் பார்வையிட்டுத் திருப்தி அடைந்து’ என்றோ ‘தற்போது உள்ள நிலையிலேயே’ என்றோ ஒரு வரி அநேகமாக இருக்கும். பத்திர எழுத்தர்கள் வழக்கமாகப் போடும் வரி அது. அவர் தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் நீட்டுவார். 55ஆம் பிரிவின் கடமைகளை ஒப்பந்தம் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான், அதனால் நேர்மையாக விற்ற ஒருவருக்கு அந்த வரி நல்ல பாதுகாப்பு. தெரிந்தே மறைத்தவருக்கு அது உதவாது, மோசடிக்கு யாரும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுத் தப்பிக்க முடியாது. எனவே அந்த வரியைப் பார்த்து மனம் உடைந்து போகாதீர்கள்.

ஆக உங்கள் வழக்கு மொத்தமும் மூன்று கேள்விகளில் நிற்கிறது. அவருக்குத் தெரியுமா, நீங்கள் சாதாரணமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா, குறை முக்கியமானதா. கடைசிக் கேள்வியில் சண்டையே வராது, பாரம் தாங்கும் தூணில் கம்பி அரித்திருந்தால் அதைச் சின்னக் குறை என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். இரண்டாவது கேள்விக்கு அந்த பேனலே பதில். வீடு பார்க்கப் போகிறவர் சுவர்ப் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வேறொரு இன்ஜினீயரைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கலாமே என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள், தயாராக இருங்கள், ஆனால் நம் ஊரில் பழைய வீடு வாங்கும் குடும்பம் அப்படிச் செய்வது வழக்கமில்லை, அப்படியே கூட்டிப் போயிருந்தாலும் அவரும் பேனலைத்தான் பார்த்திருப்பார். அதைவிடப் பெரிய விஷயம், இங்கே நடந்தது வெறுமனே சொல்லாமல் விட்டது அல்ல. அழகுக்காகப் போட்டது என்று வாய்திறந்து சொல்லியிருக்கிறார். தெரிந்த உண்மையை முயற்சி எடுத்து மறைப்பதை 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தனியாகவே மோசடி என்கிறது. வாய்மூடி இருந்தவரைவிட மூடி மறைத்தவரின் நிலைமை எப்போதும் மோசம்.

மிச்சம் இருப்பது முதல் கேள்வி. அவருக்குத் தெரியுமா? இதைத்தான் நீங்கள் நிரூபிக்க வேண்டும், இதில்தான் உங்கள் நேரம், பணம், உழைப்பு எல்லாம் போக வேண்டும். அவருக்கு நிஜமாகவே தெரியாது என்று நீதிமன்றம் நம்பிவிட்டால், உங்களுக்கு எவ்வளவு நஷ்டமாகியிருந்தாலும் 55ஆம் பிரிவு கைகொடுக்காது.

இதற்கு உங்களிடம் இருக்கும் மிக நல்ல சாட்சி, காலி செய்து போன அந்தக் குடித்தனக்காரர். எப்படியாவது அவரைக் கண்டுபிடியுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடமோ தெருமுனை மளிகைக் கடையிலோ நம்பர் இருக்கும். வாடகைக்கு இருப்பவர் சுவர் ஊறினால் வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பியிருப்பார், படம் அனுப்பியிருப்பார். ‘சார், ஹால் சுவர்ல தண்ணி இறங்குது, ஆளை அனுப்புங்க’ என்று பழைய தேதியில் ஒரு வாட்ஸ்அப் இருந்து, அதற்குக் கீழே ‘பார்க்கிறேன்’ என்று ஒரு பதிலும் இருந்துவிட்டால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது என்று நான் தைரியமாகச் சொல்வேன். அவர் அந்த மெசேஜை உங்களுக்கு ஃபார்வர்டு செய்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் வைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார், அதுவரை அவர் அந்த மெசேஜை அழிக்காமலும் போனை மாற்றாமலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் விற்றவருக்கும், உங்களுக்கும் புரோக்கருக்கும் நடந்த மெசேஜ்களுக்கும் இதேதான். வீட்டு விளம்பரம் இணையத்தில் இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அதில் பேனல் இல்லாத பழைய படம் ஏதாவது இருக்கலாம், ‘கசிவு இல்லாத வீடு’ போல ஏதாவது எழுதியிருக்கலாம்.

அடுத்து பேனல் அடித்த ஆள். இந்த வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஏரியாக்காரர்கள்தான். எப்போது அடித்தார், அடிக்கும்போது சுவர் எப்படி இருந்தது, ‘ஓதத்தை மறைக்கணும்’ என்று யாராவது சொன்னார்களா என்று விசாரியுங்கள். விற்பனைக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால்தான், அதுவும் வீட்டில் அந்த ஒரு சுவருக்கு மட்டும்தான் பேனல் என்றால், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்காவைப் பொறுத்தவரை ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பேசியதை அவர் கூண்டில் ஏறிச் சொல்வாரா என்பது வேறு விஷயம், பலர் கடைசி நேரத்தில் ‘எங்களை விட்டுடுங்க’ என்று ஒதுங்கிவிடுவார்கள். அவரை வற்புறுத்தாதீர்கள், அவர் மூலம் குடித்தனக்காரர் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

மூன்றாவது, இன்ஜினீயர் அறிக்கை. 9 லட்சம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது மதிப்பீடு மட்டும்தான். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து முறையான அறிக்கை வாங்குங்கள், அவர் பின்னால் சாட்சி சொல்ல வருவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அறிக்கை செலவைவிட முக்கியமாக ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், இந்தக் குறைக்கு எத்தனை வயது என்பதை. கம்பி துருப்பிடித்து, துரு பருமனாகி, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைப்பது ஒரு மழைக்காலத்து வேலை அல்ல, அதற்கு வருடங்கள் பிடிக்கும். கான்கிரீட்டை உடைத்த இடத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார்கள், நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும், கெட்டுப்போனது நிறம் மாறாது, எவ்வளவு ஆழம் வரை மாறவில்லை என்பதை வைத்துப் பாதிப்பு எத்தனை காலமாக ஊறியிருக்கிறது என்று ஒரு கணக்குக்கு வர முடியும். அதோடு ஈரம் அடித்தளத்திலிருந்து மேலே ஏறுகிறதா, மாடிப் பக்கமிருந்தோ கழிவறைக் குழாயிலிருந்தோ இறங்குகிறதா என்றும் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். 9 லட்சத்தில் பேனலுக்குப் பின்னால் இருந்த சுவருக்கும் தூணுக்கும் எவ்வளவு, மற்ற தூண்களுக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். மற்ற தூண்களுக்குள்ளே அரித்திருப்பது விற்றவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம், அந்தத் தொகையில் நீதிமன்றம் தயங்கும், மூடி மறைத்த இடத்துக்கான தொகையில் தயங்காது.

தெருவில் தண்ணீர் நின்றதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க என்னால் முடியவில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மடிப்பாக்கம் பட்ட பாட்டைச் செய்தியில் பார்க்காதவர்கள் கிடையாது. டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் சொல்லிவிடும், சாதாரணக் கவனம் என்பதன் அர்த்தம் அதுதான். மிக்ஜாமுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தை அவர் வாங்கியிருக்கிறாரே என்று சிலர் ஆதாரமாகக் காட்டப் பார்ப்பார்கள். அந்தப் பணம் ரேஷன் கார்டுக்குக் கொடுத்தது, குறிப்பிட்ட வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. ஒரே ஒரு விதிவிலக்கு, நீங்கள் நேரடியாக ‘வீட்டுக்குள் தண்ணீர் வருமா’ என்று கேட்டு அவர் எழுத்தில் ‘வந்ததே இல்லை’ என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அப்படி ஒரு மெசேஜ் இல்லை என்றால் வெள்ளத்தை வழக்கில் இழுக்காதீர்கள், பலவீனமான கோரிக்கை ஒன்று பக்கத்தில் இருந்தால் பலமான கோரிக்கையும் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

இப்போது, வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? சட்டப்படி வழி இருக்கிறது. மோசடியால் நடந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம், அல்லது ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நஷ்ட ஈடு கேட்கலாம், இரண்டில் எது என்பது அவர் விருப்பம். ஆனால் பதிவான கிரையப் பத்திரத்தை நீங்களோ சார்பதிவாளரோ தனியாக ரத்து செய்ய முடியாது. அவரும் சம்மதித்து வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டும். செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு 3, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டால் 61 லட்சத்துக்குக் கட்டணம் 1,83,000 ரூபாய், 9 லட்சம் நஷ்ட ஈடு மட்டும் கேட்டால் 27,000. நீங்கள் ஏற்கெனவே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டியிருப்பீர்கள், அதையும் நஷ்டமாகக் கேட்கலாம்தான், ஆனால் அது கைக்கு வரும்வரை உங்கள் தலையில்தான் இருக்கும். வீடு வங்கியில் அடமானத்தில் இருப்பதால் ரத்து வழக்கில் வங்கியையும் தரப்பாகச் சேர்க்க வேண்டிவரும். இதற்கு மேல் ஒரு பெரிய தடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்த 17 லட்சம்.

வலிக்கும்தான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ரத்து ஆனால் நீதிமன்றம் திரும்பத் தரச் சொல்வது பத்திரத்தில் இருக்கும் தொகையைத்தான். 17 லட்சம் கொடுத்ததற்கு ரசீது இருக்காது, விற்றவர் ‘அப்படி ஒன்றும் வாங்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நீங்கள் அதைக் கேட்டு வழக்குப் போட்டால் இன்னொன்றும் நடக்கும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக ஒரு வழக்கில் சொல்லப்பட்டால் நீதிமன்றம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ரொக்கம் வாங்கியவருக்கு அபராதம், கொடுத்த உங்களுக்கு ‘பணம் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வி. அந்தப் பணம் கணக்கில் வந்த சேமிப்பு, நகை விற்ற காசு, வங்கியில் எடுத்ததற்குப் பதிவு இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அதை முழுதாக உங்கள் வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். வக்கீலிடம் இதை மறைத்துவிட்டு வழக்கைத் தொடங்குவதுதான் மிகக் கெட்ட வழி, குறுக்கு விசாரணையில் அது வெளியே வரும்போது உங்கள் மொத்தச் சாட்சியமும் ஆட்டம் காணும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மிச்சம் கையில் என்ற வழக்கம் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கும் தந்திரமாகத்தான் எல்லோருக்கும் தெரிகிறது. வீட்டில் குறை தெரியவந்த அன்றுதான் அது வாங்கியவரை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்று புரியும்.

இதையெல்லாம் பார்க்கும்போது, வீட்டை வைத்துக்கொண்டு ரிப்பேர் செலவையும், அதனால் வந்த வாடகை, மன உளைச்சல் போன்ற நஷ்டத்தையும் கேட்டு வழக்குப் போடுவதுதான் உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. தூண்கள் எல்லாமே போய்விட்டன, வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று இன்ஜினீயர் எழுதினால் மட்டும் ரத்து பற்றி யோசியுங்கள். அப்படி யோசிப்பதானால் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். குறை தெரிந்த பிறகும் வீட்டை வாடகைக்கு விட்டு, மாடி எடுத்து, அதன் மேல் இன்னொரு கடன் வாங்கி என்று முழு உரிமையாளராக நடந்துகொண்டால், விற்பனையை நீங்களே ஏற்றுக்கொண்டுவிட்டதாக ஆகிவிடும், ரத்து கேட்கும் உரிமை போய்விடும்.

கால வரம்பு மூன்று வருடம். மோசடி வழக்குகளில் அது தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு, உங்களுக்கு நவம்பரில் பேனலைக் கழற்றிய நாள். மூன்று வருடம் இருக்கிறதே என்று தள்ளிப் போடாதீர்கள், குடித்தனக்காரர் ஊர் மாறுவார், போன் தொலையும், சுவரும் இப்படியே இருக்காது.

ரிப்பேரை எப்போது செய்யலாம் என்றால், நோட்டீஸ் அனுப்பிய பிறகு. இன்ஜினீயர் அறிக்கை கைக்கு வந்ததும் வக்கீல் மூலம் விற்றவருக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கு அத்தாட்சியும் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். என்ன குறை, எப்படி மறைக்கப்பட்டது, எவ்வளவு செலவு, 15 நாளுக்குள் உங்கள் ஆளை வைத்து வந்து பார்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு பாதுகாப்புக்காக வேலையைத் தொடங்கிவிடுவோம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். இப்படி ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டால், ‘நான் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள்’ என்று அவர் பின்னால் சொல்ல முடியாது. தூண் காத்திருக்கும் நிலையில் இருந்தால், வழக்குப் போடும்போதே, நீதிமன்றத்தின் சார்பில் நேரில் வந்து பார்க்க ஒரு வக்கீலை ஆணையராக நியமிக்கச் சொல்லி மனு கொடுங்கள், அவர் ஒரு இன்ஜினீயரோடு வந்து பார்த்து நீதிமன்றத்துக்கு நேரடியாக அறிக்கை கொடுப்பார், நீங்கள் கொடுக்கும் எந்த அறிக்கையைவிடவும் அதற்கு மதிப்பு அதிகம். அதற்காக வீடு இடியும்வரை காத்திருக்கவும் கூடாது, தன் நஷ்டம் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது ஏமாந்தவரின் பொறுப்பும்தான். ரிப்பேர் நடக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் வீடியோ எடுங்கள், பில் இல்லாமல் ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்காதீர்கள், கொத்தனாருக்கான கூலியையும் வங்கி வழியாகக் கொடுங்கள்.

நோட்டீஸ் போனதுமே பேச்சுவார்த்தைக்கு ஆள் வருவது நிறைய நடக்கிறது, குறிப்பாகக் குடித்தனக்காரரின் மெசேஜ் நம் கையில் இருக்கிறது என்று தெரிந்தால். வந்தால் பேசுங்கள். இந்த மாதிரி வழக்கு முதல் நீதிமன்றத்தில் முடியவே சில வருடங்கள் ஆகும், அப்புறம் மேல்முறையீடு இருக்கிறது. 9 லட்சத்தில் ஆறோ ஏழோ இப்போதே கைக்கு வந்தால் என் கட்சிக்காரரை நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். வழக்குப் போட்ட பிறகு சமரசம் ஆனாலும் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எதுவானாலும் எழுத்தில், வங்கி வழியாக. இந்த முறை ரொக்கம் வேண்டாம்.

நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்குப் பொருந்தாது. தன் சொந்த வீட்டை ஒரு தடவை விற்கும் தனி மனிதர் உங்களுக்குச் சேவை எதுவும் செய்யவில்லை, அதனால் அங்கே புகார் நிற்காது. பில்டரிடம் நேரடியாகப் புது வீடு வாங்கியவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது, நண்பர் அதை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அவர்களுக்கு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் இருக்கிறது: பதிவு செய்யப்பட்ட திட்டத்தில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால் பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நிரூபிக்கும் வேலையே கிடையாது. 14 வருடப் பழைய வீட்டுக்கு அதெல்லாம் கிடைக்காது, உங்கள் வழி உரிமையியல் நீதிமன்றம்தான். விற்றவர் வேறு ஊருக்கே குடிபோயிருந்தாலும் வீடு இருக்கும் எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

புரோக்கரை விட்டுவிடாதீர்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர் அவர், அது சேவை, நீங்கள் கமிஷன் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால் அவர் மேல் மட்டும் நுகர்வோர் புகாருக்கு இடம் இருக்கிறது, அதற்கு வரம்பு இரண்டு வருடம். ஆனால் எனக்கு அவர் எதிர்த்தரப்பாக இருப்பதைவிடச் சாட்சியாக வந்தால்தான் பிரயோஜனம். விற்றவரின் ஏஜென்டாக அவர் சொன்ன பொய்யும் விற்றவர் சொன்ன பொய்தான் என்று ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது, பேனல் எதற்கு அடிக்கப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நோட்டீஸில் அவர் பெயரையும் சேர்த்தால் போனை எடுப்பார்.

அண்ணன் சொல்லும் போலீஸ் புகார் பற்றி. ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்குத் தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், பேனல் அடித்த தேதி அதற்கு உதவக்கூடும். இருந்தாலும் ஸ்டேஷனில் ‘சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும், சிவில் தகராறுக்குக் குற்ற வழக்கு வேஷம் போடுவதை உச்ச நீதிமன்றமும் பல தடவை கண்டித்திருக்கிறது. ஆதாரம் எல்லாம் சேர்ந்த பிறகு வக்கீலோடு பேசி முடிவெடுங்கள், மிரட்டுவதற்காக இப்போதே ஓட வேண்டாம்.

இஎம்ஐ. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் விற்றவருக்கும் இடையே எந்தக் கணக்கும் இல்லை, கடன் உங்களுடையது, வீடு இடிந்தாலும் கடன் நிற்கும். நிறுத்தினால் வங்கி பிடிப்பது உங்களைத்தான், 90 நாள் தவணை தவறினால் வாராக்கடனாக்கி, வீட்டை எடுத்து ஏலம் விடும் நடவடிக்கையைத் தொடங்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்று கேட்பீர்கள், அவர் பார்த்தது கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதை, வங்கிக்காக. ஆனாலும் அந்த அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள், ஹாலை அவர் எடுத்த படத்தில் அந்த பேனல் சுவர் தேதியோடு பதிவாகியிருக்கும்.